போர்கை (கைவினை அமைப்பு)

போர்கை என்பது தமிழ்நாட்டின் தர்மபுரி மாவட்டத்திலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் நடத்தும் கைவினை அமைப்பு ஆகும். இச்சொல் லம்பாடி மொழியில் 'பெருமை' எனப் பொருள்படும். இப்பகுதியில் ஏறத்தாழ வழக்கொழிந்துவிட்ட லம்பாடிப் பூத்தையற் கலையை மீட்டெடுத்து, அதனைத் தம் வாழ்வூதியமாக மாற்றிக்கொள்வதே இவ்வமைப்பின் நோக்கமாகும். எம்பிராய்டரி எனப் பரவலாக அறியப்படும் கலையே இங்கு பூத்தையல் எனக் குறிக்கப்படுகின்றது. 2006 ஆம் ஆண்டளவில் ஒரு சிறு குழுவாகத் தொடங்கிய இவ்வமைப்பில் பின்னர் சுமார் 60 பெண்கள் இணைந்தனர்.

உள்ளூர்ப் படைப்பாளிகளைத் தொழில் முனைவோராக வளர்த்தெடுப்பதற்கும், வட்டாரப் படைப்பாக்கப் பொருளாதாரம் என்ற கருத்தை விளங்கிக்கொள்வதற்கும் போர்கை ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

படைப்பாக்கப் பொருளாதாரம்

நிலம், இயந்திரம் ஆகியவற்றைக் காட்டிலும் மனிதரின் கற்பனை, கைத்திறன், மரபறிவு ஆகியவற்றை முதன்மை மூலதனமாகக் கொண்ட தொழில்களின் தொகுதி படைப்பாக்கப் பொருளாதாரம் எனப்படும். கைவினை, இசை, கூத்து, பதிப்பு, திரைப்படம், வடிவமைப்பு, கட்டடக்கலை, மென்பொருள் முதலியன இதில் அடங்கும். ஐக்கிய இராச்சிய அரசு 1998 ஆம் ஆண்டில் இத்தகைய தொழில்களைப் பட்டியலிட்டு அவற்றின் பொருளியல் மதிப்பை அளவிட முற்பட்டது. இதே பொருளில் சான் ஆக்கின்சு எழுதிய நூல் 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த பின்னர் இச்சொல் பரவலாகியது. ஐக்கிய நாடுகள் பொது அவை, 2021 ஆம் ஆண்டை நீடித்த வளர்ச்சிக்கான படைப்பாக்கப் பொருளாதாரத்தின் பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது.

இச்சொல் பெரும்பாலும் பெருநகரங்களோடு சேர்த்தே பேசப்படுகின்றது. ஆயினும், இந்தியாவில் கைவினைஞர்களுள் மிகப் பலர் சிற்றூர்களில் வாழ்கின்றனர். பல மரபுக் கைவினைகளில் பெண்களின் பங்கு பெரிது. அவர்களது உழைப்பு 'ஓய்வுநேர வேலை' என எண்ணப்படுவதால் அதற்குரிய விலை கிடைப்பதில்லை. எனவே, வட்டாரப் படைப்பாக்கப் பொருளாதாரத்தில் எழும் முதன்மையான கேள்வி, கலை அழகானதா என்பதன்று. அக்கலைஞரின் ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கின்றது என்பதே ஆகும்.

மாவட்டப் பின்புலம்

தர்மபுரி மாவட்டம் வேளாண்மையை, அதிலும் பெருமளவு மானாவாரி வேளாண்மையை, நம்பியிருக்கும் மாவட்டம் ஆகும். மழை பொய்க்கும் ஆண்டுகளில் இங்கிருந்து பெங்களூர், ஓசூர், திருப்பூர், கேரளம் முதலிய இடங்களுக்கு வேலை தேடிச் செல்வது வழக்கமாகும்.

மாவட்டத்தின் வடமேற்கிலுள்ள பாலக்கோடு தக்காளிச் சந்தைக்குப் பெயர் பெற்றது. வரத்து மிகும் நாட்களில் பறிப்புக் கூலிக்கும் கட்டுப்படியாகாத அளவுக்கு விலை சரிவதும், உழவர்கள் தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுவதும் இப்பகுதியில் அடிக்கடி நிகழ்வனவாகும். விளைவித்தவர் விலையை முடிவு செய்ய இயலாத நிலைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு. கைவினைப் பொருள் தக்காளியைப் போல் அழுகுவதில்லை. ஆனால் விற்பவருக்குச் சந்தை எட்டாவிட்டால் அதன் நிலையும் இதுவே.

கூட்டாகச் செயற்படும் மரபு இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. பாலக்கோட்டில் கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ளது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களை உருவாக்கும் அரசுத் திட்டம், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989 ஆம் ஆண்டில் அன்றைய ஒருங்கிணைந்த தர்மபுரி மாவட்டத்திலேயே முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. இக்குழுக்கள் சேமிப்பையும் கடனையும் சிற்றூர்ப் பெண்களின் கைக்குக் கொண்டு வந்தன. எனினும் கடன் பெற்றவர் எதைச் செய்து, யாரிடம், என்ன விலைக்கு விற்பது என்ற கேள்விக்குக் கடன் மட்டும் விடையாகாது.

சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு

சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு அரூர் பகுதியில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே அமைந்துள்ளது. இங்கு வாழ்வோருள் பெரும்பான்மையினர் மலையாளி பழங்குடியினர் ஆவர். லம்பாடி மக்கள் 'தாண்டா' எனப்படும் தனிக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர்.

மருத்துவர்களான இரெசி சார்ச், இலலிதா இரெசி இணையர் 1993 ஆம் ஆண்டில் இங்கு ஒரு குடிசையில் மருத்துவப் பணியைத் தொடங்கினர். அக்காலத்தில் இப்பகுதியின் குழந்தை இறப்பு வீதம் 1000 பிறப்புகளுக்கு 147 எனப் பதிவாகியிருந்தது. பழங்குடியினர் நல முன்முயற்சி என்ற இவர்களது அமைப்பு, உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகவும் நலப் பணியாளராகவும் பயிற்றுவித்தது. நோய்க்கு மருந்து தருவதால் மட்டும் நலம் நிலைப்பதில்லை. வருவாயும் உணவும் உறுதியாக வேண்டும் என்ற பட்டறிவிலிருந்து இங்கு இரு முயற்சிகள் கிளைத்தன. ஒன்று இயற்கை உழவர்களின் சங்கம், மற்றொன்று போர்கை. மருத்துவமனையின் அருகிலிருந்து ஒரு கைவினை அமைப்பு பிறந்தது இவ்வாறே ஆகும்.

லம்பாடி மக்களும் பூத்தையலும்

லம்பாடிகள் பஞ்சாரா, சுகாலி எனவும் அழைக்கப்படுகின்றனர். மாடுகளின் மீது உப்பும் தானியமும் ஏற்றி நாடெங்கும் கொண்டு சென்ற வணிக நாடோடிகளாக இவர்கள் வாழ்ந்தனர். இவர்களது மொழி இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தொடர்வண்டிப் பாதைகள் வந்தபின் இவர்களது வணிகம் நலிந்தது. பிரித்தானிய ஆட்சியின் 1871 ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டம், இவர்கள் வாழ்ந்த பல பகுதிகளில் இவர்கள்மீது களங்கத்தைச் சுமத்தியது. ஆந்திரப் பிரதேசத்திலும் தெலங்காணாவிலும் பழங்குடியினர் பட்டியலில் உள்ள லம்பாடிகள், தமிழ்நாட்டில் அப்பட்டியலில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

லம்பாடிப் பெண்களின் மரபுடை, பாவாடை, முதுகு திறந்த இரவிக்கை, தலைமுக்காடு ஆகியவற்றைக் கொண்டது. இவை சிறு கண்ணாடிகள், சோழிகள், நாணயங்கள், பல வண்ண நூல்கள் ஆகியவற்றால் அழகூட்டப்படும். தாய் தன் மகளுக்குத் தையலைக் கற்பித்தாள். மணமாகிச் செல்லும் பெண் தான் தைத்த துணிகளுடன் சென்றாள். அது விற்பனைப் பொருளாக இருக்கவில்லை.

சிட்லிங்கித் தாண்டாக்களில் மரபுடை மறைந்து சேலை வழக்கத்துக்கு வந்தபோது, தையலுக்கான தேவையும் மறைந்தது. தனித்துத் தெரியும் உடை ஏளனத்துக்கு உள்ளானதும் அதைக் கைவிட ஒரு காரணமாகும். 2000களில், முதிய பெண்கள் ஓரிருவர் கையில் மட்டுமே கலை எஞ்சியிருந்தது. இடைப்பட்ட தலைமுறைக்கு ஊசி பிடித்துப் பூத்தைக்கத் தெரியவில்லை. இன்னும் பத்தாண்டுகள் கழிந்திருந்தால் கற்றுத்தர ஆளிருந்திருக்காது.

தையல் நுட்பம்

லம்பாடிப் பூத்தையலில் பொதுவாக 14 வகைத் தையல்கள் கூறப்படுகின்றன. கிலன், வேலே, பாக்யா, மாக்கி, ரேலோ, காத்ரி, நக்ரா, சூர்யகாந்தி மாக்கி முதலியன அவற்றுட் சில. இத்தையற் கலையின் பொது இயல்புகள் பின்வருமாறு:

- வடிவங்கள் பெரும்பாலும் வடிவியல் சார்ந்தவை: சதுரம், முக்கோணம், வட்டம், சாய்சதுரம்.
- பழகிய கை, துணியின் இழைகளை எண்ணியே தைக்கும், முன்வரைவு இன்றியமையாததன்று.
- கண்ணாடியில் துளை கிடையாது. அதன்மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஒரு சட்டம் கட்டி, அச்சட்டத்தைச் சுற்றித் தைத்துக் கண்ணாடி துணியோடு பிணைக்கப்படுகின்றது.
- சிறு துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு இணைப்பதும் இக்கலையின் பகுதியாகும். பழந்துணி வீணாவதில்லை.

கணினி வழி இயங்கும் பூத்தையல் இயந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தையல்களைப் போடவல்லது. அதன் தையல்கள் யாவும் ஒரே சீரானவை. கைத்தையலில் இழுவையும் இடைவெளியும் சற்றே மாறுபடும். துணியின் பின்புறத்தைப் பார்த்தால் நூல் சென்ற வழி தெரியும். வாங்குவோர் இவ்வேறுபாட்டை அறியாதவரை, இரண்டும் ஒரே விலையில் ஒப்பிடப்படும்.

மீட்டெடுப்பு

முதிய பெண்களிடமிருந்து இளைய பெண்கள் தையலைக் கற்றனர். வீடுகளில் பேணி வைக்கப்பட்டிருந்த பழைய துணிகள் பாடநூல்களாகப் பயன்பட்டன. மறந்துபோன தையல்கள், அத்துணிகளைக் கூர்ந்து நோக்கி மீண்டும் கண்டறியப்பட்டன. தொடக்கத்தில் மிகச் சிறிய பொருட்களே செய்யப்பட்டன. பின்னர் மெத்தை உறைகள், பைகள், விரிப்புகள், மேற்சட்டைகள், சேலைகள் முதலியனவற்றிலும் பூத்தையல் இடம்பெற்றது. நகரங்களில் நடைபெறும் கைவினைக் கண்காட்சிகளில் இவை விற்கப்பட்டன.

இங்கு ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. மரபுடை மீண்டும் அன்றாட வழக்குக்கு வரவில்லை. தையல் மட்டும் வேறு பொருட்களுக்கு இடம்பெயர்ந்து உயிர் பெற்றது. இதனை மீட்டெடுப்பு என்பதா, மறுபயன்பாடு என்பதா என்பது கருத்து வேறுபாட்டுக்குரியது.

கைவினைத் தொழிலுக்குத் தேவையான ஆதரவுகள்

ஒரு கைத்திறன் தொழிலாக நிலைபெறுவதற்குப் பல கண்ணிகள் ஒருங்கே அமைய வேண்டும். ஒன்று அறுந்தாலும் சங்கிலி பயன்படாது.

- திறன்: கற்பிப்பவரும் கற்பவரும் தேவை. கற்கும் காலத்திலும் கூலி கிடைத்தாலன்றி, கூலி வேலையை விட்டுவிட்டு யாரும் ஊசி பிடிக்க இயலாது.
- வடிவமைப்பு: பாவாடைக்கு உரிய அடர்ந்த தையலை ஒரு மெத்தை உறையில் அப்படியே இட்டால் விலை பன்மடங்காகும். எங்கே தைப்பது, எங்கே வெற்றிடம் விடுவது என்பதை முடிவு செய்வதே வடிவமைப்பாளரின் பணி.
- மூலப்பொருள்: சாயம் போகாத நூலும் சுருங்காத துணியும் வேண்டும். முதற் சலவையில் சாயம் இறங்கினால் பல நாள் உழைப்பு வீணாகும்.
- தரக் கட்டுப்பாடு: அளவு, தூய்மை, பின்புறத் தையல் ஆகியன ஒவ்வொரு பொருளிலும் ஒத்திருக்க வேண்டும்.
- நடைமுறை மூலதனம்: கடைகள் பொருளை விற்ற பின்னரே பணம் தருவது வழக்கம். கைவினைஞருக்கோ கூலி உடனே வேண்டும். இவ்விடைவெளியைத் தாங்கும் நிதி இல்லாமையே பல குழுக்கள் கலைவதற்குக் காரணம்.
- சந்தை: நேரடிக் கண்காட்சி, கடைகள், இணைய விற்பனை என ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் தேவை.
- உடைமை: ஈட்டியதைப் பங்கிடுவதையும் விலை வைப்பதையும் முடிவு செய்யும் உரிமை செய்பவரிடமே இருத்தல் வேண்டும்.

விலையும் கூலியும்

விலை குறைப்பு யாரைத் தாக்குகின்றது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டவை. எந்த அமைப்பின் உண்மை விலையும் அன்று.

ஒரு மெத்தை உறைக்குத் துணி, நூல், கண்ணாடி ஆகியவற்றின் செலவு 180 ரூபாய் எனவும், இறுதித் தையல், சலவை, சோதனை ஆகியவற்றின் செலவு 70 ரூபாய் எனவும் கொள்வோம். பூத்தையலுக்கு 10 மணி நேரம் ஆகின்றது. மணிக்கு 50 ரூபாய் வீதம் கூலி 500 ரூபாய். பொதி, பயணம், விற்காத சரக்கு முதலிய பொதுச் செலவு 150 ரூபாய். ஆக மொத்தம் 900 ரூபாய். கடை வாடகையும் ஆட்கூலியும் சேர்த்துக் கடைக்காரர் இதனை இருமடங்காக்கினால், வாங்குபவர் 1800 ரூபாய் தருகின்றார்.

வாங்குபவர் 1000 ரூபாய்க்கு மேல் தர மறுத்தால், கடைக்காரர் அமைப்புக்கு 500 ரூபாய் மட்டுமே தருவார். துணிக் கடையும் பேருந்தும் தம் விலையைக் குறைப்பதில்லை. எனவே 180, 70, 150 ஆகியன மாறா. எஞ்சுவது 100 ரூபாய். பத்து மணி நேரத்துக்குப் பகிர்ந்தால், மணிக்கு 10 ரூபாய். அதாவது, கடை விலை பாதியளவுக்கு அருகில் குறையும்போது கைவினைஞரின் கூலி ஐந்தில் ஒன்றாகச் சுருங்குகின்றது. கணக்கில் வளைந்து கொடுக்கும் ஒரே எண் கைவினைஞரின் நேரமே ஆகும்.

இக்கணக்கிலிருந்து மூன்று வழிகள் தென்படுகின்றன. முதலாவது, இடையிலுள்ள கைகளைக் குறைத்து நேரடியாக விற்பது. இரண்டாவது, தையலின் அளவைக் குறைத்து வடிவமைப்பின் மதிப்பைக் கூட்டுவது. மூன்றாவது, கையால் செய்தது ஏன் அவ்விலை பெறுகின்றது என்பதை வாங்குவோருக்கு எடுத்துரைப்பது. இம்மூன்றையும் தனி ஒருவர் செய்வது அரிது. கைவினைஞர் அமைப்பாகத் திரள்வதன் தேவை இதுவே.

பிற பகுதிகளின் பட்டறிவு

கச்சு, குசராத்து: 1969 ஆம் ஆண்டு வறட்சியின்போது நிவாரணப் பணிக்குச் சென்ற சந்தா சிராஃபு, தனேட்டி என்னும் ஊர்ப் பெண்களின் பூத்தையலைக் கண்டு சிருசன் அமைப்பைத் தொடங்கினார். இலவச உணவுக்கு மாறாக வேலையையே அப்பெண்கள் விரும்பினர் எனக் கூறப்படுகின்றது. 2006 ஆம் ஆண்டில் இவருக்கு உரோலெக்சு விருது வழங்கப்பட்டது.

நீலகிரி, தமிழ்நாடு: தோடர் பெண்கள் வெண்ணிறத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் இழை எண்ணித் தைக்கின்றனர். இப்பூத்தையல் 2013 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. தோடர்கள் தம் சடங்குகளில் இத்துணியை இன்றும் போர்த்துகின்றனர். ஆகவே சந்தைக்கு அப்பாலும் அக்கலைக்கு ஒரு வாழ்விடம் உள்ளது.

சண்டூர், கருநாடகம்: இங்குள்ள லம்பாணிப் பூத்தையல் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. 2023 சூலையில் அம்பியில் நடைபெற்ற சி-20 பண்பாட்டுக் குழுக் கூட்டத்தையொட்டி, 450க்கும் மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் உருவாக்கிய 1755 பொருட்கள் காட்சிப்படுத்தப்பட்டுக் கின்னசு உலக சாதனையாகப் பதிவாயின.

சட்டமும் அரசுத் திட்டங்களும்

இந்தியாவின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2003 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இது ஒரு பெயரை, அப்பெயருக்குரிய நிலப்பகுதியோடு இணைத்துப் பாதுகாக்கின்றது. சண்டூர் என்ற பெயரைச் சிட்லிங்கியினர் பயன்படுத்த இயலாது. அதேவேளை, தையல் முறையையோ வடிவத்தையோ பிறர் படியெடுப்பதை இக்குறியீடு தடுக்காது. எனவே புவிசார் குறியீடு பெறுவது மட்டுமே கைவினைஞரின் வருவாயை உயர்த்திவிடும் எனக் கருதுவது பொருந்தாது.

தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 'பூம்புகார்' என்ற பெயரில் இது விற்பனை நிலையங்களை நடத்துகின்றது.

இந்திய அரசின் பிரதமர் விசுவகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்டது. இதன்படி 18 தொழில்களைச் சேர்ந்தோருக்குப் பயிற்சி, 15,000 ரூபாய் வரை கருவி உதவி, முதற்கட்டமாக 1 இலட்சமும் அடுத்து 2 இலட்சமும் 5 விழுக்காட்டு வட்டியில் கடன் ஆகியன அறிவிக்கப்பட்டன. இப்பட்டியலில் தையற்காரர் உள்ளனர். பூத்தையல் தனித் தொழிலாக இடம்பெறவில்லை. இத்திட்டம் குலத்தொழிலை ஊக்குவிப்பதாகக் கூறி, அன்றைய தமிழ்நாடு அரசு 2024 ஆம் ஆண்டில் இதனை ஏற்க மறுத்தது. மாற்றாக, கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. 25 கைத்தொழில்களுக்கு 3 இலட்சம் ரூபாய் வரை கடனும், 50,000 ரூபாய்க்கு மேற்படாமல் 25 விழுக்காடு மானியமும் இதில் அறிவிக்கப்பட்டன.

இவ்விரு திட்டங்களும் தனியாள் கடனை மையமாகக் கொண்டவை. சிட்லிங்கி போன்ற இடங்களில் முதன்மைத் தேவையாக இருப்பது கூட்டான நடைமுறை மூலதனம், வடிவமைப்பு உதவி, நிலையான சந்தை ஆகியனவாகும்.

விமர்சனங்களும் கேள்விகளும்

கலை விற்பனைப் பொருளாகும்போது அதன் பொருள் மாறுகின்றது என்பது ஒரு விமர்சனம். மகளுக்காகத் தைத்த தாய், காணாத ஒருவருக்காகத் தைக்கின்றாள். நகரச் சுவைக்கேற்ப வண்ணங்கள் மங்கலாக்கப்படுவதும் உண்டு. இதற்கு மறுமொழியாக, விற்கத் தொடங்கும் முன்னரே அக்கலை அங்கு மறைந்துகொண்டிருந்தது என்பது சுட்டிக்காட்டப்படுகின்றது.

கைவினை வருவாய் மட்டும் ஒரு குடும்பத்தைத் தாங்குமா என்பது மற்றொரு கேள்வி. பெரும்பாலான கைவினைஞர்களுக்கு இது வேளாண்மையுடன் சேர்ந்த துணை வருவாயே ஆகும். ஆயினும் மழையில்லா மாதத்தில் கிடைக்கும் கூலி, குழந்தைகளை விட்டுவிட்டு வெளியூர் செல்வதா, ஊரிலேயே இருப்பதா என்பதை முடிவு செய்யவல்லது. அம்முடிவைத் தானே எடுக்கும் நிலை ஒரு பெண்ணுக்கு வாய்ப்பதே இம்முயற்சியின் முதன்மைப் பயன் எனலாம்.

வெளியிலிருந்து வந்த மருத்துவர்களின் முனைப்பால் தொடங்கிய அமைப்பு என்பதால், இதனைப் பிற ஊர்களில் அப்படியே பின்பற்ற இயலுமா என்பதும் கேட்கப்பட வேண்டியதே. பாலக்கோடு போன்ற ஊர்களில் சுய உதவிக் குழுக்களும் கூட்டுறவு அமைப்புகளும் முன்னரே உள்ளன. அங்கு தொடங்க விரும்புவோர் முதலில் செய்யத்தக்கது கடன் வாங்குவதன்று. ஊரில் எந்தத் திறன் யாருடைய கையில் எஞ்சியுள்ளது என்பதைக் கணக்கெடுப்பதே ஆகும். சிட்லிங்கியில் அவ்வாறு தேடியபோது ஓரிருவர் இருந்தனர். அவர்களே போதுமானவர்களாக இருந்தனர்.

இவற்றையும் பார்க்க

- லம்பாடி
- சிட்லிங்கி
- தோடர் பூத்தையல்
- புவிசார் குறியீடு
- சுய உதவிக் குழு
- பாலக்கோடு